மூன்றாவது மாடியில் ஒரு ரயில்

டெல்லியில் வளரும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு வருஷத்தில் இரண்டு பிறந்தநாள். நட்சத்திரப் பிறந்தநாளன்று எண்ணெய்க் குளியல், புதுச் சட்டை, கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம். அதோடு சரி. தகராறெல்லாம் தேதிப் பிறந்தநாளில்தான். அது பள்ளிக்கூடத்துக்கும் காலனிக்கும் உரியது. போன டிசம்பரில் எங்கள் இளையவன் ஒரு நண்பன் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, என் பர்த்டேக்குத் தீம் என்ன?" என்று கேட்டான்.

ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அழைப்பிதழிலிருந்து கேக் வரை எல்லாவற்றையும் அதற்குப் பொருத்தமாகச் செய்வதுதான் தீம் பார்ட்டி. காடு, கடல், விண்வெளி, கார்ட்டூன் கதாநாயகன், எதுவாகவும் இருக்கலாம். ஏற்பாடு செய்து கொடுப்பவர் ஒருவரிடம் விசாரித்தோம். பலூன் வளைவு, பின்திரை, வேஷம் போட்ட ஓர் ஆள், எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம். கேக் தனி. "இந்தப் பணத்துக்கு நாம எல்லோரும் ஊருக்குப் போயிட்டு வந்துடலாமே" என்றார் என் கணவர். பையன் உடனே, "ரயில்லயா?" என்றான்.

அவனுக்கு ரயில் பைத்தியம். சாணக்யபுரியில் 1977-ல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு எத்தனை முறை கூட்டிப் போயிருக்கிறோம் என்று கணக்கில்லை. ஆக, தீம் கிடைத்துவிட்டது. புது டெல்லியில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கும் ஒரு ரயில். நம்மில் பாதிப் பேர் வருஷா வருஷம் போய் வரும் வழிதான். ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். அதை மயூர் விஹாரில், மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குள் ஓட்ட வேண்டும்.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சி கோட்டத்தில், மீட்டர் கேஜ் காலத்தில், கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (2022 முதல் அந்தப் பதவிக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மாமாவுக்கு இதில் சம்மதமில்லை.) மாமி காலமான பிறகு, இரண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறார். ஹிந்தியில் 'பானி', 'பஸ்' இரண்டும்தான் தெரியும். பால்கனியில் வெயில் இருக்கும்வரை உட்கார்ந்திருப்பார். பையனின் நண்பர்கள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

பட்டியல் போடும்போது பையன் சொன்னான்: "தாத்தா அன்னிக்கு அவர் ரூம்லயே இருக்கட்டும்மா. பசங்க பேசறது அவருக்குப் புரியாது." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஏழு வயது ஆகப்போகிறவன். ஆனால் கதவு திறந்திருந்தது. மாமா காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவுமில்லை.

அன்று ராத்திரி பையனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "ரயில் எப்படிக் கிளம்பும்னு நம்ம வீட்டில் ஒருத்தருக்குத்தான் தெரியும். போய்க் கேள்." மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனான். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், கட்டிலுக்கடியிலிருந்த தகரப்பெட்டி திறந்திருக்கிறது. விசில், ஒரு பழைய பச்சைக் கொடி, சாயம் போன சிவப்புக் கொடி. பையன் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு விழா என் கையில் இல்லை. மாமா எழுப்பிய ஆட்சேபணைகளை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! அழைப்பிதழை ரயில் டிக்கெட் மாதிரி செய்யலாம் என்றேன். "எந்த டிக்கெட்? கம்ப்யூட்டர் காகிதமா?" என்றார். பழைய கெட்டி அட்டை டிக்கெட்தான் வேண்டுமாம். இங்கிலாந்தில் எட்மண்ட்ஸன் என்ற ஸ்டேஷன் மாஸ்டர் 1830-களில் கொண்டுவந்த முறை அது. இரண்டேகால் அங்குல நீளம், ஒவ்வொன்றிலும் வரிசை எண். கல்யாணப் பத்திரிகைகளின் அட்டையை வெட்டி இருபது டிக்கெட் செய்தோம். தேதி, எண், புறப்படும் நேரம் மாலை 4.00, கீழே சின்ன எழுத்தில் 'பிறருக்கு மாற்றத்தக்கதல்ல'. அது மாமாவின் பிடிவாதம். செலவு, ஒரு பேனா.

அடுத்தது பெயர்ப் பலகைகள். மஞ்சள் அட்டையில் கறுப்பு எழுத்து. ஸ்டேஷன் பலகையில் அந்தந்த மாநில மொழி, ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் இருக்கும் அல்லவா? விஜயவாடாவுக்குத் தெலுங்கு எழுத எதிர் ஃபிளாட் குண்டூர் அம்மா வந்தார். 'சென்னை சென்ட்ரல்' என்று தமிழில் எழுத வேண்டியவன் என் பிள்ளை. வீட்டில் தமிழ் பேசுவான், எழுத வராது. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்ப நான் பட்ட பாடு பெரிய கதை, அது வேண்டாம். இப்போதோ தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, நாலு அட்டையை வீணடித்து, ஐந்தாவதில் ஐகாரத்தைச் சரியாகப் போட்டுவிட்டான். பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரமும் போட்டிருக்கும் என்றார் தாத்தா. 'மூன்று மாடி' என்று எழுதிக்கொண்டான்.

வழித்தடத்தைச் சொல்கிறேன், செய்ய விரும்புகிறவர்களுக்கு உதவும். முன்னறை புது டெல்லி. பெரிய படுக்கையறை வாசல் ஆக்ரா, அங்கே பேட்டா, அதாவது பூசணிக்காய் மிட்டாய். உள்ளே நுழைந்ததும் தரையில் ஒரு நீலப் புடவை, சம்பல் நதி. தாண்டினால் மொரேனா, அந்த ஊர் கஜக், எள்ளும் வெல்லமும் சேர்ந்தது, ஜனவரிக் குளிருக்குப் பொருத்தம். போபாலைத் தாண்டினால் புத்னி மலைப்பகுதியில் சுரங்கம் வரும். சாப்பாட்டு மேஜைமேல் மூன்று ரஜாயைப் போட்டு மூடியதும் கும்மிருட்டு. தவழ்ந்து வெளியே வந்தால் நர்மதை, இன்னொரு புடவை. இட்டார்சியில் தொன்னையில் பூரி, ஆலு. சின்ன அறை நாக்பூர், உரித்த ஆரஞ்சு. பிறகு கோதாவரி, வாரங்கல், விஜயவாடா, கிருஷ்ணா. சமையலறைதான் சென்னை, பொடி தடவிய குட்டி இட்லி, தயிர் சாதம், கேக். எல்லாம் கையளவுதான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வயிறு நிறையக் கொடுத்தால் நாக்பூரிலேயே பாதிப் பேர் படுத்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. புடவை நதிகளை மொசைக் தரையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நாங்கள் மூன்றை ஒட்டினோம், கிருஷ்ணாவை மறந்தோம். இட்லித் தட்டுடன் என் கணவர் அதில் விழுந்தார்.

மாமாவின் கடைசி ஆட்சேபணைதான் மிகவும் உபயோகமானது. "டெல்லியிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் ஒரே கார்டு எப்படிப் போவான்? வழியில் டியூட்டி மாறணும்." உண்மைதானே. ஆகவே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு குழந்தை புது கார்டு. பிறந்தநாள் விருந்துகளில் சண்டை வருவதே விளையாட்டில் தோற்றவன் அழுவதால்தான். இங்கே தோற்பது கிடையாது. எல்லோர் முறையும் வந்துவிடும்.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து மூடுபனி. நாலு மணிக்கு வந்தவர்கள் மூன்றே பேர். பையன் முகம் சுருங்கிவிட்டது. மாமா, பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் அறிவித்தார்: பனிமூட்டம் காரணமாக வண்டி நாற்பது நிமிஷம் தாமதம். டெல்லிக் குழந்தைகளுக்கு அது புரியாதா! ஒரே சிரிப்பு. 4.40-க்குப் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள், கூடவே ஒருவனின் நாலு வயதுத் தங்கையும்.

பச்சைக் கொடி, விசில், எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். மாமா ஹிந்தி பேசவில்லை, தேவைப்படவும் இல்லை. சிவப்பைக் காட்டினால் நின்றார்கள், பச்சையைக் காட்டினால் ஓடினார்கள். நதி வந்தபோது காசு போட வேண்டும் என்று ஒரு பெண் சொல்ல, ஆளாளுக்கு அம்மாக்களிடம் ஓடினார்கள். நாலு நதியிலும் சேர்ந்தது நாற்பத்து மூன்று ரூபாய். மறுநாள் கோயில் உண்டியலில் போட்டேன்.

சுரங்கத்தில்தான் சங்கடம். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், அந்த நாலு வயதுக் குழந்தை மட்டும் உள்ளே. அழுகை. அதன் அம்மா கூப்பிட்டும் வரவில்லை. நான் ரஜாயைத் தூக்கப் போனேன். அதற்குள் மாமா, முழங்கால் வலி உள்ளவர், தரையில் உட்கார்ந்து, டார்ச் விளக்கின்மேல் பச்சைக் கண்ணாடித்தாளைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தார். "பயப்படாதே கண்ணு. லைன் கிளியர். வா, வா" என்றார், சுத்தத் தமிழில். குழந்தை ஒரு நிமிஷம் வெளிச்சத்தையே பார்த்துவிட்டுத் தவழ்ந்து வந்தது. நாக்பூரிலிருந்து சென்னை வரை அவர் விரலை விடவில்லை. என் பிள்ளை இதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஸ்டேஷனில் தன் முறை வந்தபோது, நண்பர்களிடம் ஹிந்தியில், "இவர் என் தாத்தா, நிஜமான கார்டு" என்று சொன்னான்.

கேக் பற்றி இரண்டு வார்த்தை. நீள அச்சில் செய்த மூன்று கேக்குகளை வரிசையாக வைத்து, கிரீம் பிஸ்கெட்டைச் சக்கரமாக ஒட்டினால் ரயில். மெழுகுவர்த்தி வேண்டாமென்று நானே முடிவு செய்தேன். ஊதி அணைப்பது நம் வழக்கமில்லை என்று வீட்டுக்கு வீடு நடக்கும் வாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. பையனுக்கு ஊத ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். விசிலை ஊதினான். வெட்டினோம்.

திரும்பும்போது என்ன கொடுப்பது? விசில் கொடுக்கலாம் என்று பையன் சொன்னான். பன்னிரண்டு வீட்டு அம்மாக்களின் சாபம் எனக்கு வேண்டாம் என்றேன். சதர் பஜாரில் வாங்கிய வண்ணத்துணியில் தைத்த பச்சை, சிவப்புக் கொடிகள், ஆளுக்கு ஒரு ஜோடி. டிக்கெட்டைத் துளையிட்டு அவரவரிடமே கொடுத்தோம். அப்போது ஒரு பையன் சுவரிலிருந்த பலகையைக் காட்டி, இந்த எழுத்தில் என் பெயரை டிக்கெட்டில் எழுதித் தருவாயா என்று கேட்டான். உடனே எல்லோருக்கும் வேண்டியிருந்தது. தாத்தா எழுத்தைக் காற்றில் வரைந்து காட்ட, பேரன் எழுதினான். ஒரு பெயரில் மட்டும் சுழி ஒன்று அதிகம். பரிசோதகர் கண்டுகொள்ளவில்லை.

மொத்தச் செலவு இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். அதில் பாதி கஜக், பேட்டா, ஆரஞ்சு. உழைப்பு மூன்று வாரம், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சமையலறை வாசலிலிருந்து சென்னை சென்ட்ரல் பலகையைக் கழற்றப் பையன் விடவில்லை. அதன் கீழே நின்றுதான் தினமும் காபி போடுகிறேன்.

அடுத்த ஜனவரிக்குக் கப்பல் வேண்டுமாம். மாமா இப்போதே ஆட்சேபணை தெரிவித்திருக்கிறார்.