பிச்சிப் பூவுக்கு வெளிநாட்டுச் சந்தை: சேர்ந்தால் கிடைக்கும்

கம்பைநல்லூர் பகுதிப் பூ விவசாயிகளே! முகூர்த்தம் இல்லாத நாட்களில் பறிப்புக் கூலிகூடக் கட்டுவதில்லை. வாசனைத் திரவியத் தொழில் இதற்கு ஒரு மாற்று.

பிரான்ஸ் நாட்டு வாசனைத் தொழிலுக்குத் தமிழக மல்லிகை, பிச்சிச் சாறு செல்கிறது. ஹெக்சேன் கரைப்பானால் பிரிக்கும், மெழுகு போன்ற 'கான்கிரீட்' 1 கிலோவுக்கு ஏறத்தாழ 350 கிலோ பிச்சிப்பூ தேவை. ஒரு தோட்டத்தில் ஒரே காலையில் இது கிடைக்காது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் கிடைக்கும். மொராக்கோ நாட்டுப் பெண்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்துதான் ஆர்கன் எண்ணெயை அழகுசாதனச் சந்தைக்குக் கொண்டு சென்றனர். வெளிநாட்டுச் சிறு நிறுவனத்துக்கு டன் கணக்கில் சரக்கு வேண்டாம். ஒரே தரமும் தடையில்லாத வரத்தும் போதும்.

கவனிக்க வேண்டியவை:

* தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.1, கோ.2 பிச்சி ரகங்கள் ஏற்றவை.
* மாலைக்கு மொட்டு. சாற்றுக்கு முழுதும் மலர்ந்த பூ. அதிகாலையில் பறித்து, குவித்து வைக்காமல், வெயில் ஏறும் முன் ஆலைக்கு அனுப்ப வேண்டும். எனவே ஆலையின் தூரத்தை முதலில் கணக்கிடுங்கள்.
* தெளித்த மருந்தின் பெயர், அளவு, தேதியைக் குறித்து வையுங்கள். ஒருவர் பூவில் மருந்து எச்சம் இருந்தாலும் மொத்தச் சரக்கும் கழிக்கப்படலாம்.
* விலை, எடை, பணம் தரும் நாள் ஆகியவை எழுத்து ஒப்பந்தமாகும்வரை புதிதாக நடவு செய்ய வேண்டாம்.