வாட்ஸ்அப்பில் "பாஸ்" வந்தால்... நிறுவன டைரக்டரியைக் கைத்தொலைபேசியில் தேடுவது எப்படி?

மாலை ஆறரை மணி. பெருவிரைவு ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. கைத்தொலைபேசியில் வாட்ஸ்அப் தகவல் ஒன்று வருகிறது. உங்கள் இயக்குநரின் படம், அவருடைய பெயர். எண் மட்டும் நீங்கள் பார்த்திராத எண்.

"ஹாய், இது என் புது நம்பர். மீட்டிங்ல இருக்கேன், பேச முடியாது. அவசரமா ஒரு உதவி வேணும்."

வேலையில் சேர்ந்து மூன்று வாரந்தான் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் போடாமல் இருக்கவும் பயம், பணம் அனுப்பச் சொன்னால் அதுவும் பயம். "பாஸ், நீங்கதானா?" என்று அதே சாட்டில் கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். மறுமுனையில் யார் இருந்தாலும்!

வாட்ஸ்அப்பில் தெரியும் பெயரும் படமும் அனுப்புபவர் தாமே வைத்துக்கொண்டவை. யார் வேண்டுமானாலும் யாருடைய படத்தை வேண்டுமானாலும் வைக்கலாம். அலுவலகத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள், அவர்களுடைய எண் என்ன என்பதை அலுவலகமே சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் நிறுவன டைரக்டரி. பெரும்பாலும் அது உங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கும். எங்கே இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

முகத்தைப் பார்த்தால் போதாதா?

போதாது. 2025 மார்ச்சில் சிங்கப்பூரிலுள்ள பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் நிதி இயக்குநரை வாட்ஸ்அப்பில் ஒருவர் தொடர்புகொண்டார். நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி என்று சொல்லிக்கொண்டார். பிறகு ஸூம் சந்திப்பு நடந்தது. திரையில் மேலதிகாரிகளின் முகங்கள் தெரிந்தன. அத்தனையும் டீப்ஃபேக். 499,000 அமெரிக்க டாலருக்கும் அதிகமான பணம் மோசடிக்காரர்கள் சொன்ன வங்கிக் கணக்குக்குப் போனது. மேலும் 1.4 மில்லியன் டாலர் கேட்டபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. சிங்கப்பூர்க் காவல்துறையின் மோசடித் தடுப்பு நிலையம் ஹாங்காங் காவல்துறையுடன் சேர்ந்து அந்தப் பணத்தை மீட்டது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது.

ஏமாந்தவர் புதிதாகச் சேர்ந்த பயிற்சி ஊழியர் அல்லர், நிதி இயக்குநர். அதனால் "எனக்கெல்லாம் இது நடக்காது" என்று சொல்ல முடியாது. முகமும் குரலும் போலியாக வரும் காலத்தில் நம்பகமான வழி ஒன்று மிச்சம் இருக்கிறது. எண்ணை நீங்களே தேடி எடுத்து, அந்த எண்ணுக்கு நீங்களே அழைப்பது.

டைரக்டரி வேறு, காண்டாக்ட்ஸ் வேறு

கைத்தொலைபேசியின் காண்டாக்ட்ஸ் நீங்கள் சேர்த்த பட்டியல். டைரக்டரி அலுவலகம் பராமரிக்கும் பட்டியல். ஒருவர் வேலைக்குச் சேரும்போது ஐடி பிரிவு அவருக்குக் கணக்குத் திறக்கும். பெயர், பதவி, பிரிவு, மின்னஞ்சல், மேசைத் தொலைபேசி எண், யாருடைய மேற்பார்வையில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் பதியும். மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் பயன்படுத்தும் அலுவலகங்களில் இதற்கு குளோபல் அட்ரஸ் லிஸ்ட் என்று பெயர்.

பொதுவாக இந்தப் பட்டியல் முழுசாக உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்து உட்காருவதில்லை. நீங்கள் பெயரைத் தட்டச்சு செய்ததும் கேள்வி அலுவலக சர்வருக்குப் போகிறது. பொருந்தும் பெயர்கள் மட்டும் திரும்பி வருகின்றன. அதனால்தான் சுரங்கத்தில் இணையம் விட்டுப்போனால் தேடலும் நின்றுவிடுகிறது. சிரமந்தான். ஆனால் கைத்தொலைபேசி தொலைந்துபோனால் ஆயிரம் சக ஊழியர்களின் விவரமும் அதோடு போய்விடாது.

இந்த ஏற்பாடு ஸ்மார்ட்ஃபோனுக்கு முந்தியது. கணினி வழி டைரக்டரிக்கு எக்ஸ்.500 என்ற அனைத்துலகத் தரநிலை 1988இல் வந்தது. அன்றைய மேசைக் கணினிகளுக்கு அது ரொம்பக் கனம். அதை எளிதாக்கி, எல்டாப் என்ற முறையை 1993இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். இன்றும் பல நிறுவன டைரக்டரிகள் அந்த முறையில் பேசுகின்றன.

சரி, எங்கே தேடுவது?

அலுவலக மின்னஞ்சலுக்கு அவுட்லுக் செயலி வைத்திருக்கிறீர்களா? தேடல் குறியைத் தொட்டு, சக ஊழியரின் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். மின்னஞ்சல்களோடு ஆட்களின் பெயரும் வரும். பெயரைத் தொட்டால் பதவி, எண், அவருடைய மேலதிகாரி யார் என்பதுவரை பார்க்கலாம். டீம்ஸ் செயலியிலும் அப்படியே.

ஐஃபோனில் அலுவலகக் கணக்கை நேரடியாகச் சேர்த்திருந்தால் செயலியே வேண்டாம். காண்டாக்ட்ஸைத் திறந்து, மேலே இடப்பக்கம் உள்ள பட்டியல்கள் பகுதிக்குப் போங்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்கின் கீழே குளோபல் அட்ரஸ் லிஸ்ட் இருக்கும். அதைத் திறந்தால் வெறுமையாக இருக்கும். "ஒண்ணுமே இல்லையே" என்று மூடிவிடாதீர்கள். பெயரைத் தட்டச்சு செய்தால்தான் ஆட்கள் தெரிவார்கள்.

கூகள் பயன்படுத்தும் அலுவலகம் என்றால், கூகள் காண்டாக்ட்ஸில் அலுவலகக் கணக்குக்கு மாறித் தேடுங்கள். நிர்வாகி டைரக்டரியைப் பகிர அனுமதித்திருக்க வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் குறை உங்கள் கைத்தொலைபேசியில் இல்லாமல் இருக்கலாம். ஐடி பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.

நம் பெயர்கள் ஏன் சிக்குவதில்லை?

தமிழர்களுக்கு இதில் தனித் தலைவலி உண்டு. பல டைரக்டரிகள் பெயரின் தொடக்கத்தை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும். முதல் பெயரின் தொடக்கம், கடைசிப் பெயரின் தொடக்கம், மின்னஞ்சலின் தொடக்கம். நடுவில் இருக்கும் சொல்லை அவை கண்டுகொள்வதில்லை.

இப்போது "கார்த்திக் எஸ்/ஓ ராமசாமி" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதவளப் பிரிவில் யாரோ ஒருவர் "கார்த்திக்" என்பதை முதல் பெயராகவும் "எஸ்/ஓ ராமசாமி" முழுவதையும் கடைசிப் பெயராகவும் பதிந்திருப்பார். நீங்கள் "ராமசாமி" என்று தேடினால் ஆளே இல்லை என்று வரும். ஏனென்றால் டைரக்டரியின் கணக்கில் அவர் கடைசிப் பெயர் தொடங்குவது எஸ் எழுத்தில்! இன்னோர் அலுவலகத்தில் அப்பா பெயரை முன்னால் போட்டிருப்பார்கள். மற்றோர் இடத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும்.

எழுத்துக்கூட்டல் அடுத்த பிரச்சினை. ஆங்கிலத்தில் சுப்பிரமணியம் எம்மில் முடிகிறாரா, என்னில் முடிகிறாரா? லட்சுமிக்கு எக்ஸ் உண்டா, கே-எஸ்-எச்சா? இதற்கு எளிய வழி, முழுப் பெயரை அடிக்காமல் முதல் மூன்று நான்கு எழுத்துகளோடு நிறுத்துவது. "சுப்" வரை அடித்தால் எல்லாச் சுப்பிரமணியங்களும் வந்துவிடுவார்கள். பிறகு பதவியையும் பிரிவையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே பெயரில் இருவர் இருந்தால் மேலதிகாரி யார் என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தேடிப் பெயர் வரவில்லை என்பதற்காக உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர் பட்டியலில் தெரியச் சற்று நேரமாகலாம். குத்தகை ஊழியர்களைச் சில நிறுவனங்கள் சேர்ப்பதே இல்லை. ஆனால் பத்து வருடமாக வேலை செய்யும் இயக்குநர் டைரக்டரியில் இருக்கிறார், வந்த எண் மட்டும் அதில் இல்லை என்றால் நிதானியுங்கள்.

பெயர் இருக்கிறது, மின்னஞ்சலும் சரியாக இருக்கிறது. நம்பலாமா?

இங்கேதான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கைத்தொலைபேசியின் சிறிய திரையில் மின்னஞ்சல் செயலிகள் அனுப்பியவரின் பெயரை மட்டும் காட்டி, முகவரியை மறைத்துவிடும். பெயரைத் தொட்டுப் பாருங்கள். உண்மையான சக ஊழியர் என்றால் பொதுவாகப் பதவி, பிரிவு எல்லாம் சேர்ந்து வரும். வெளியாள் என்றால் வெறும் முகவரிதான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் சம்பந்தமில்லாத முகவரி.

முகவரியும் சரியாக இருந்தால்? மேலதிகாரியின் கணக்கையே யாராவது ஊடுருவியிருக்கலாம். அப்போது டைரக்டரியில் இருக்கும் அதே முகவரியிலிருந்துதான் மோசடி மின்னஞ்சலும் வரும். அதற்குப் பதில் அனுப்பிக் கேட்டால் மோசடிக்காரரிடமே கேட்டதாகிவிடும். பண விஷயம், வங்கிக் கணக்கு மாற்றம், மறைச்சொல் என்றால் டைரக்டரியில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்துப் பேசுங்கள். அவர் எடுக்கவில்லையா? அவருடைய செயலாளரை, இல்லையென்றால் உங்கள் நேரடி மேலதிகாரியை அழையுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம். சரிபார்த்ததற்காகக் கோபப்படும் மேலதிகாரி இருந்தால், பிரச்சினை உங்களிடம் இல்லை.

அழைப்பு வரும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. டைரக்டரியில் ஒருவர் இருக்கிறார் என்பதால் அவர் அழைக்கும்போது பெயர் திரையில் வந்துவிடாது. நீங்கள் காண்டாக்ட்ஸில் சேமித்திருந்தால்தான் பொதுவாக வரும். அதோடு, வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி சேர்க்கும் நடைமுறை சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் முதல் இருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவரின் அழைப்பு கூட்டல் குறியோடு வந்தால் யோசியுங்கள். வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே எல்லா எண்களும் அப்படித்தான் தெரியும்.

எல்லாரையும் சேமித்துவிட்டால் என்ன?

மேலதிகாரி, குழுவினர், நிதிப் பிரிவில் ஒருவர், ஐடி உதவி எண். இவ்வளவு போதும். மொத்த டைரக்டரியையும் இறக்கி வைக்காதீர்கள். காண்டாக்ட்ஸுக்கு அனுமதி கேட்கும் விளையாட்டுச் செயலி எல்லாவற்றையும் பார்க்கும். 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் ஐஃபோனில் தேர்ந்தெடுத்த காண்டாக்ட்ஸை மட்டும் செயலிகளுக்குக் காட்டலாம். ஆண்ட்ராய்டில் அலுவலகச் செயலிகள் சிறிய பெட்டிக் குறியோடு தனியாக இருந்தால், அந்தத் தடுப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.

சட்டப்படி பார்த்தால், சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பதவி, அலுவலக எண், அலுவலக மின்னஞ்சல் போன்ற வர்த்தகத் தொடர்பு விவரங்களைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. அதற்காக எதையும் திறந்துவைக்கலாம் என்று பொருளல்ல. 2024 டிசம்பரில் அக்ராவின் புதிய பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைத் தேடியவர்களுக்கு முழு அடையாள அட்டை எண்ணே தெரிந்தது. கடும் அதிருப்தி எழுந்தது. தேடல் வசதியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

டைரக்டரியே இல்லாத இடத்தில்?

பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கோ துணைப்பாட நிலையத்துக்கோ இதெல்லாம் இருக்காது. ஒரு தாளில் எல்லாருடைய எண்ணையும் எழுதி, எல்லாரும் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் அதுவே டைரக்டரி. முதலாளி எண் மாற்றினால் நேரில் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

வெளி நிறுவனத்தின் பெயரில் தகவல் வந்தால், அது பதிவு பெற்றதா என்பதை பிஸ்ஃபைலில் தேடலாம். ஆனால் பதிவு பெற்றிருப்பது ஒன்று, பேசுகிறவர் அங்கேதான் வேலை செய்கிறார் என்பது வேறொன்று. எண்ணை நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து எடுத்து அழையுங்கள். அமைச்சு, அரசாங்க அமைப்பு என்றால் சிங்கப்பூர் அரசாங்க டைரக்டரி இணையத்தில் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் முதல் அழைப்பு வங்கிக்கு, அடுத்து காவல்துறைக்கு. நிமிடக் கணக்கு முக்கியம்.

கடைசியாக, இன்றைக்கே டைரக்டரியில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரின் எண்ணோ, பழைய பிரிவின் பெயரோ இன்னும் அங்கே இருக்கலாம். நாளை உங்கள் பெயரில் யாராவது சக ஊழியரிடம் பணம் கேட்டால், அவர் சரிபார்க்க அழைக்கப்போவது அந்த எண்ணைத்தான்.