லேசரா, எல்.இ.டி.யா? காசை நீட்டுமுன் யோசிங்க!

ரிஷிவந்தியம்,–

"வெளிச்சம் பட்டா முழங்கால் வலி பறந்துடும்" என்று யாராவது விளக்கு விற்க வந்தால், பர்சைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்.

1967-ல் ஹங்கேரி டாக்டர் எண்ட்ரே மெஸ்டர், முடி மழித்த எலிகள் மீது லேசர் பாய்ச்சினார். புற்று வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. முடிதான் மளமளவென முளைத்தது! லேசர் ஒளி வைத்தியம் பிறந்த கதை இதுதான்.

லேசர் ஊசி போல ஓரிடத்தில் பாயும், விலை ஜாஸ்தி. எல்.இ.டி. பரவலாக விழும், விலை மலிவு. நிறமும் அளவும் சரியாக இருந்தால் அதுவும் வேலை செய்யும். பச்சைக் குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு ஆஸ்பத்திரிகளில் நீல எல்.இ.டி.தானே எரிகிறது!

வலி கொஞ்சம் குறையலாம். தேய்ந்த மூட்டு வளராது. லேசர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சர்க்கரைப் புண்ணா? விளக்கை நம்பி நாளைக் கடத்தினால் காலே போயிடும். கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே பஸ் ஏறுங்க!