மொழி தெரியாத டோக்கியோவில் தனியே ஒரு பெண்: எங்கே பேச்சு தேவையில்லை, எங்கே தேவை?

உலகிலேயே அதிகப் பயணிகள் வந்துசெல்லும் ரயில் நிலையமாகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையம். 2018-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாள்தோறும் சராசரியாக 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பயன்படுத்தினர். வெளியேறும் வழிகள் மட்டும் 200-க்கும் அதிகம். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் அறியாத இந்தியப் பெண் ஒருவர், இரவு 10 மணிக்கு இந்த நிலையத்தில் தனியாக வந்து இறங்கினால் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதே விடை. அறிவிப்புப் பலகைகளைப் பார்த்தவாறே அவர் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிடுவார். பேச்சின்றி வழிநடத்தும் ஏற்பாடுகள் அந்நகரில் அத்தனை உள்ளன. ஆயினும், அந்த ஏற்பாடுகள் துணைநிற்காத சில தருணங்களும் உண்டு. தனியே செல்லும் பெண்கள் புறப்படும் முன்னரே தெரிந்துகொள்ள வேண்டியவை அவையே.

படங்களால் பேசும் நகரம்

ஆசியாவின் முதல் ஒலிம்பிக் போட்டி 1964-இல் டோக்கியோவில் நடைபெற்றது. வரவிருந்த விருந்தினர்களில் ஜப்பானிய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. உள்ளூர் மக்களில் அயல்மொழி பேசுவோரும் குறைவு. இந்தச் சிக்கலைத் தீர்க்க, கலை விமர்சகர் மசாரு கட்சுமி தலைமையில் வடிவமைப்பாளர்கள் கூடினர். விளையாட்டுகளுக்கென 20 குறியீட்டுப் படங்களையும், கழிவறை, தொலைபேசி, முதலுதவி போன்ற வசதிகளுக்கென 39 படங்களையும் உருவாக்கினர். இன்று உலகெங்கும் கழிவறைக் கதவுகளில் காணப்படும் ஆண், பெண் உருவங்கள் பரவலானதில் அந்தப் போட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. திரையரங்குகளில் பச்சை நிறத்தில் ஒளிரும், கதவை நோக்கி ஓடும் மனித உருவமும் ஜப்பானில் பிறந்ததே. 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் பல்பொருள் அங்காடிகளில் நேரிட்ட பெரும் தீ விபத்துகள் அதன் உருவாக்கத்துக்குக் காரணமாயின.

டோக்கியோவின் சுரங்க ரயில் நிலையங்களுக்கு 2004 ஏப்ரல் முதல் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு வழங்கப்பட்டுள்ளது. கின்சா வழித்தடத்தின் நிறம் ஆரஞ்சு, எழுத்து 'ஜி'. அதன் ஒரு முனையான ஷிபுயாவின் எண் 01. மறுமுனையான அசகுசாவின் எண் 19. ரயில் எந்தத் திசையில் செல்கிறது என்பதை, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தே அறிந்துகொள்ளலாம். ஊர்ப் பெயரை உச்சரிக்கவும் வேண்டியதில்லை.

பல உணவகங்களின் வாசலில், பதார்த்தங்களின் அச்சு அசலான மாதிரிகள் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கும். விரும்பியதைக் கைகாட்டினால் போதும். சைவ உணவு உண்போருக்கு மட்டும் இது உதவாது. காய்கறியும் நூடுல்ஸும் மட்டுமே தெரியும் கிண்ணத்திலும், சூரை மீன் சீவலைக் கொதிக்கவைத்து எடுக்கும் 'தாஷி' என்ற சாறு கலந்திருப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாததைக் கைகாட்டி மறுக்க இயலாது. எனவே, மீன், இறைச்சி, அவற்றின் சாறு ஆகியவை வேண்டாம் என ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது.

மொழி அறிந்தவர்களுக்கும் எழாத குரல்

நெரிசலான ரயில்களில் பெண்களைத் தகாத முறையில் தொடும் குற்றம் ஜப்பானில் நெடுங்காலமாக உள்ளது. அக்குற்றத்தையும் அதைச் செய்பவரையும் 'சிகான்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகின்றனர். நிலையங்களில் இதற்கெதிரான எச்சரிக்கைச் சுவரொட்டிகளைப் பரவலாகக் காணலாம்.

இதைத் தடுக்க, கேயோ ரயில் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் இரவு ரயில்களில் மகளிர் பெட்டியைச் சோதனை முறையில் அறிமுகப்படுத்தியது. 2005-இல் டோக்கியோவின் பல வழித்தடங்களுக்கும் அது விரிவடைந்தது. மும்பையில் மகளிருக்கென தனிப் புறநகர் ரயிலே 1992 முதல் ஓடுகிறது. தில்லி மெட்ரோவில் 2010 முதல் ஒரு பெட்டி நாள் முழுவதும் மகளிருக்கு ஒதுக்கப்படுகிறது. இவற்றுக்குப் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். டோக்கியோவில் பெரும்பாலான வழித்தடங்களில், வேலைநாள்களின் காலை நெரிசல் நேரத்தில் மட்டுமே அந்த ஒதுக்கீடு உண்டு. மற்ற நேரங்களில் அது எல்லோருக்குமான பெட்டி. நடைமேடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்ட இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, அருகில் உள்ள நேரத்தைப் படிக்காமல் ஏறுவோர் ஏமாறக்கூடும். ஆண்கள் ஏறுவதைத் தடைசெய்யும் சட்டமும் அங்கில்லை; பயணிகளின் ஒத்துழைப்பையே ரயில் நிறுவனங்கள் நம்பியுள்ளன.

டோக்கியோ பெருநகரக் காவல் துறையின் 'டிஜி போலீஸ்' செயலியில் 2019-இல் சேர்க்கப்பட்ட வசதி ஒன்று இவ்விடத்தில் கவனத்துக்குரியது. அதைத் தொட்டவுடன், சீண்டலுக்கு உள்ளாகிறேன், உதவுங்கள் என்ற பொருள்படும் வாசகம் கைப்பேசித் திரை முழுவதும் தோன்றும். அதை அருகில் இருப்பவரிடம் காட்டலாம். மீண்டும் தொட்டால், நிறுத்துங்கள் என்று செயலியே உரக்கக் குரல் கொடுக்கும்.

இந்த வசதி சுற்றுலாப் பயணிகளுக்காக உருவாக்கப்பட்டதன்று. ஜப்பானிய மொழியிலேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்காக உருவாக்கப்பட்டது. அச்சத்தாலும் கூச்சத்தாலும் குரல் எழாமல் போவதே அவர்களுடைய இடர்ப்பாடு. மொழி தெரிந்திருந்தால் எல்லாம் எளிது என்று எண்ணிக் கலங்கும் பயணிக்கு, அத்தருணத்தில் தமக்கும் பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது ஓரளவு தெம்பளிக்கலாம்.

மறுப்பைத் தெளிவாகச் சொல்வது எப்படி?

கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலிகள் உணவுப் பட்டியலைப் படிக்க நன்கு உதவுகின்றன. மறுப்புச் சொல்லும்போது அவற்றை முழுமையாக நம்ப இயலாது. 'கெக்கோ தெசு' என்ற தொடருக்கு 'நன்று' என்றும் பொருள் உண்டு. 'வேண்டாம், போதும்' என்றும் பொருள் உண்டு. 'தைஜோபு தெசு' என்பதும் அவ்வாறே. 'சோத்தோ' என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'சற்று' என்பதாகும். பேச்சில் அதுவே பணிவான மறுப்பாகவும் நிற்கிறது. தொனியையும் சூழலையும் வைத்து ஜப்பானியர் இவற்றைப் புரிந்துகொள்வர். எழுத்தை மட்டும் காணும் இயந்திரத்துக்கு இரண்டில் ஒன்று தவறிவிடும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களே தடுமாறும் இடம் இது.

ஆகவே, இருபொருள் தராத இரு தொடர்களை மனப்பாடம் செய்துகொள்வது பயன்தரும். 'யமெதே குதசாய்' என்றால் 'நிறுத்துங்கள்'. 'தசுகெதே' என்றால் 'காப்பாற்றுங்கள்'. நெருக்கடியில் அவையும் நினைவுக்கு வராவிட்டால், தமிழிலேயே உரக்கக் கத்தலாம். அமைதி காக்கும் டோக்கியோ ரயிலில் எந்த மொழியில் எழும் கூச்சலும் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்கும்.

சட்டமும் இப்போது மாறியுள்ளது. பாலியல் வல்லுறவுக் குற்றத்தை நிறுவ, தாக்குதலோ மிரட்டலோ நிகழ்ந்ததைக் காட்ட வேண்டிய நிலை ஜப்பானில் முன்பு இருந்தது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம், சம்மதமின்மையை மையமாகக் கொண்டு அக்குற்றத்தை வரையறுத்தது. மறுக்கும் எண்ணத்தை உருவாக்கிக்கொள்ளவோ, வெளிப்படுத்தவோ, செயல்படுத்தவோ கடினமான நிலையில் ஒருவர் இருந்ததும் இதில் கருத்தில் கொள்ளப்படுகிறது. மது மயக்கமும், அதிர்ச்சியில் உறைந்துபோவதும் அத்தகைய நிலைகளில் அடங்கும்.

நள்ளிரவும் காவல் சாவடியும்

டோக்கியோவில் ரயில்கள் இரவு முழுவதும் ஓடுவதில்லை. நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் புறப்பட்டுவிடும். மறுநாள் அதிகாலை 5 மணியளவில்தான் சேவை தொடங்கும். அதைத் தவறவிட்டால் வாடகைக் காரே வழி. இரவு 10 மணி முதல் அதிகாலை 5 மணி வரை அதன் கட்டணம் 20 சதவீதம் கூடுதல். ஷின்ஜுகுவை ஒட்டிய கபுகிசோ, ரொப்பொங்கி ஆகிய கேளிக்கைப் பகுதிகளில், மதுக்கூடங்களுக்கு அழைத்துச் செல்ல முன்வரும் ஆள்பிடிப்போரைப் பின்தொடரலாகாது.

வழி தவறினால் நாட வேண்டிய இடம் 'கோபான்' எனப்படும் சிறு காவல் சாவடி. நாடு முழுவதும் ஏறத்தாழ 6,000 சாவடிகள், பெரும்பாலும் நிலையங்களுக்கும் சந்திப்புகளுக்கும் அருகில் உள்ளன. வழி சொல்வது அங்குள்ள காவலர்களின் அன்றாடப் பணிகளில் ஒன்று. முகவரியை ஜப்பானிய எழுத்தில் காட்டினால் வரைபடத்தை விரித்துக் காட்டுவர். காவலர் ரோந்து சென்றிருந்தால், அங்குள்ள தொலைபேசி வாயிலாகக் காவல் நிலையத்தை அழைக்கலாம். கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது வெளிநாட்டுப் பயணிகளுக்கு அங்கே சட்டக் கட்டாயம்.

காவல் துறைக்கு 110. தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119. ஆம்புலன்ஸுக்குக் கட்டணமில்லை, சிகிச்சைக்கு உண்டு என்பதால் பயணக் காப்பீடு அவசியம். பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கான உதவி மையத்தை #8891 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம். ஜப்பான் தேசிய சுற்றுலா அமைப்பின் 050-3816-2787 என்ற எண், 24 மணி நேரமும் ஆங்கிலம், சீனம், கொரிய மொழி, ஜப்பானிய மொழி ஆகியவற்றில் இயங்குகிறது.

இதுபோன்ற சேவையை இந்திய சுற்றுலா அமைச்சகமும் 1363 என்ற எண்ணில் 2016 முதல் வழங்கி வருகிறது. பத்து அயல்மொழிகளுடன் இந்தி, ஆங்கிலம் என மொத்தம் 12 மொழிகள் அதில் உள்ளன. டோக்கியோவிலிருந்து தில்லிக்குத் தனியே வரும் பெண் அதில் தம் தாய்மொழியில் பேசலாம். மதுரையிலிருந்து செல்லும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை, பட்டியலில் தமிழ் இடம்பெறவில்லை.

டோக்கியோவில் கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் கோபானில் தெரிவிக்க வேண்டும். 2023-இல் மட்டும் அந்நகரக் காவல் துறையிடம் 40 லட்சத்துக்கும் அதிகமான தொலைந்த பொருள்கள் ஒப்படைக்கப்பட்டன. ஆகவே, அது திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. கிடைக்காவிடில், புகார் அளித்ததற்கான சான்றுடன் சியோதா வட்டாரத்தில் குதான்மினாமியில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம்.