வெட்டியும் முளைப்பதேன்?

சித்திரைத் திருவிழாவின் ஆரவாரம் அடங்கி, முதல் மழை மண்ணை நனைத்ததும், வீரபாண்டியில் கம்பம் சாலையோரத்து ஆலை முற்றங்களிலும் லாரிகள் நிற்கும் வெற்றுத் தரைகளிலும், கேரட் இலைபோல் பிளவுண்ட தழையும் அரிசிக் குருணை போன்ற வெண்பூவுமாகப் பார்த்தீனியம் தலைதூக்குவது ஏன்?

அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 1950-களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்ட இக்களை, ஒரே செடியில் 15,000-க்கும் மேற்பட்ட நுண்விதைகளை ஈனவல்லது. லாரிச் சக்கரத்துச் சேறே அவ்விதைகளுக்கு வாகனம். பார்த்தினின் என்னும் தன் விஷச் சத்தால் அண்டைச் செடிகளின் முளைப்பைத் தடுத்து, மனிதருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் விளைவிக்கும் இச்செடியை, அரிவாளால் மேலே மட்டும் அறுத்தால், நிலத்தோடு ஒட்டிய அடித்தண்டு மீண்டும் கிளைக்கிறது. பூத்தபின் பிடுங்கினாலோ, பிடுங்குபவரே விதைப்பவராகிறார்.

ஆகவே மண் ஈரமாயிருக்கையில், பூக்கும் முன்பே, கையுறையணிந்து வேரோடு களைந்து, வெற்றிடத்தில் தகரையை அடர்த்தியாக விதைப்பதே விவேகம். ஏனெனில் நிழல் விழுந்த தரையில் இக்களைக்கு உற்சாகமில்லை. மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டு, 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட, இதன் இலையையே ஆகாரமாகக் கொள்ளும் வண்டும், மழைக்காலத்தில் நமக்குச் சகாயம் செய்யும். எனினும் வெற்றுத் தரையை வெறுமையாக விட்டுவைப்பவர், இவ்விருந்தாளிக்குத் தாமே பாய் விரிக்கிறார்.