அழாத குழந்தை

தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் தம்பதியின் கைக்கு ஒருநாள் ஒரு மருத்துவ அறிக்கை வந்து சேர்கிறது. எடை, உயரம், தலைச் சுற்றளவு, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை முடிவுகள், கூடவே ஒரு புகைப்படம். சிறப்புத் தேவையுள்ள குழந்தையென்றால் இன்னும் ஒரு வரி சேர்ந்திருக்கும். உதடும் அன்னமும் பிளந்திருக்கிறது என்றோ, இதயத்தில் துளை என்றோ, பாதம் உள்பக்கம் வளைந்திருக்கிறது என்றோ இருக்கும். அந்த அறிக்கையைத் தங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்க விதிகள் இடம் தருகின்றன. எத்தனை ஆபரேஷன், எந்த வயதில், எவ்வளவு செலவு என்பதையெல்லாம் டாக்டர் ஓரளவு சொல்லிவிடுவார்.

அறிக்கை சொல்லாத ஒன்று, குழந்தை வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் தெரியவரலாம். பசித்தாலும் நனைந்தாலும் சில குழந்தைகள் அழுவதில்லை. நடுராத்திரியில் விழித்துக்கொண்டு, சத்தமில்லாமல் விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கும்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு இது பெருமையாகத்தான் படும். “எவ்ளோ சமத்து பாரு! யார் தூக்கினாலும் போறான்” என்பார்கள். ஆனால் காப்பகத்தில் வளர்ந்த குழந்தைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்களையும் சமூகப் பணியாளர்களையும் யோசிக்க வைப்பது இந்தச் சமத்துதான். பல குழந்தைகளை ஓர் ஆயாவே பார்த்துக்கொள்ளும் இடத்தில், அழுதவுடன் ஓடிவர ஆள் இருப்பதில்லை. அந்த ஆயா எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அவருக்கு இருப்பது இரண்டே கைகள். அழுது பயனில்லை என்று கண்டுகொண்ட குழந்தை அழுவதை விட்டுவிடுகிறது. யாரிடமும் போகிற குழந்தைக்கு, தனக்கென்று ஒருவர் இன்னும் அமையவில்லை.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூவரும் அங்குள்ள காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போன குழந்தைகள், வளர்ப்பவரோடு நல்ல பிணைப்பை உருவாக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. உடல்நலக் குறை உள்ள குழந்தைக்கோ, பிணைப்பு உருவாக வேண்டிய அதே மாதங்களில்தான் ஊசியும் மயக்க மருந்தும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் வந்து சேர்கின்றன. ‘முதலில் உடம்பு சரியாகட்டும், ஒட்டுதல் தானாக வரும்’ என்று எண்ணுவது இயல்பு. அப்படிப் பிரித்து வைக்க முடியாது என்பதை இந்தக் குடும்பங்கள் சீக்கிரமே கண்டுகொள்கின்றன.

அன்னப்பிளவோடு வரும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். வாயின் மேல்பகுதி திறந்திருப்பதால் உறிஞ்சிக் குடிக்க வராது. பால் மூக்கு வழியே வெளியே வரும், புரையேறும். நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, நடுநடுவே தட்டி ஏப்பம் விட வைக்க வேண்டும். ஒரு வேளைக்கு அரைமணி நேரம்கூட ஆகும். இதற்கென்று மெல்ல அழுத்தினால் பால் வரும் பாட்டில்கள் கிடைக்கின்றன. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பாலாடையும் இந்த வேலைக்குப் பொருந்துகிறது. தாய்ப்பால் உறிஞ்ச முடியாத குறைமாதக் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் பாலாடையால் புகட்டுவதுண்டு. அவசர அவசரமாகப் புகட்டப்பட்டு, மூச்சுத் திணறிப் பழகிய குழந்தை, பாலைக் கண்டாலே உடம்பை விறைத்துக்கொள்ளலாம். அப்போது ஒரே மடி, ஒரே கை, அவசரப்படாத ஒரே குரல் தினமும் ஆறேழு தடவை திரும்பத் திரும்ப வந்தால், எடையும் ஏறும், இது யார் என்ற அடையாளமும் ஏறும். மற்ற வீடுகளில் தானாக நடந்துவிடும் ஒன்றை இங்கே திட்டம் போட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

இங்கேதான் பாட்டிமார்களோடு ஒரு சின்ன உரசல் வரும். பேரனுக்கு ஊட்டிவிடுவது பாட்டியின் உரிமை. அதைத் தடுப்பது கொடுமையாகத் தோன்றும். ஆனாலும் முதல் சில மாதங்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது மூன்றையும் அப்பாவும் அம்மாவும் மட்டுமே செய்யட்டும் என்று தத்து ஆலோசகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரசம் வைத்துக் கொடுப்பதும், அம்மா தூங்குகிற நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் பாட்டியின் பங்காக இருக்கலாம். அது சின்ன உதவி இல்லை.

அறுவை சிகிச்சைக்குப் பொதுவான கால அட்டவணை ஒன்று உண்டு. உதட்டைத் தைக்க, பத்து வாரம் ஆகியிருக்க வேண்டும், பத்து பவுண்டு எடை வேண்டும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து கிராம் வேண்டும் என்பது பழைய கணக்கு. அன்னத்தை ஒன்றரை வயதுக்குள் மூடிவிட்டால் பேச்சு நன்றாக வரும். தத்துப்பிள்ளைகள் பலர் இந்த அட்டவணையைத் தவறவிட்டே வருகிறார்கள். கைவிடப்பட்ட குழந்தைக்குப் பெற்றோரைத் தேடி, சட்டப்படி தத்துக்குரியதாக அறிவித்து, குடும்பம் அமைவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதனால் வீட்டுக்கு வந்த மறுவாரமே ஆபரேஷன் தேதி வாங்கிவிட வேண்டும் என்ற பதற்றம் பெற்றோருக்கு வரும். மூச்சு வாங்கும் இதய நோய் என்றால் ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது. அப்படிப்பட்ட அவசரம் இல்லாதபோது, ‘குழந்தை எங்களிடம் வந்து பத்து நாள்தான் ஆகிறது, சில வாரம் கழித்துச் செய்தால் மருத்துவ ரீதியாக நஷ்டம் உண்டா?’ என்று டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடலாம். மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது, எதிரே தெரிவது பழகிய முகமாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி குழந்தையின் மனசை என்ன செய்யும் என்பதை உலகம் பார்த்தது 1952இல். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ராபர்ட்சன், சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். அவள் பெரிதாக ரகளை எதுவும் செய்யவில்லை. நாள் ஆக ஆக ஒடுங்கிப்போனாள். பார்க்க வந்த அம்மாவிடம்கூட முகம் கொடுக்கவில்லை. டாக்டர்கள் பலருக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் வந்தது. ஆனால் ஏழு வருஷம் கழித்து அங்கே வெளியான அரசின் பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் குழந்தையோடு இருக்க வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தச் சிறுமிக்குப் பிறந்ததிலிருந்து அம்மா இருந்தாள். அம்மா கிடைத்து ஒரு மாதமே ஆன குழந்தைக்கு அந்த எட்டு நாள் எப்படி இருக்கும்?

அன்ன அறுவை சிகிச்சைக்குப் பிறகு, விரலை வாயில் வைத்துத் தையலைப் பிரித்துவிடாமல் இருக்க முழங்கையை மடக்க முடியாதபடி பட்டை கட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கொஞ்ச நாளைக்குக் கஞ்சியும் கரைத்த சாதமும்தான். கை கட்டுண்டு, பசித்து, வலித்துக் கிடக்கும் குழந்தைக்கு நம்மால் செய்ய முடிந்தது தூக்கி வைத்திருப்பதுதான். ஊசி போடும்போது மல்லாக்கப் படுக்க வைத்து நாலு பேர் அமுக்குவதைவிட, அம்மாவின் மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்திருக்க, நர்ஸ் பக்கவாட்டில் போடுவது நல்லது. கேட்டால் பெரும்பாலான நர்ஸுகள் சம்மதிப்பார்கள். வீட்டில் கட்டு மாற்றுவதையும் மருந்து விடுவதையும் தூங்கும் இடத்தில் செய்யாமல் வேறு அறையில் செய்தால், படுக்கையாவது பயமில்லாத இடமாக மிஞ்சும்.

வளைந்த பாதத்தோடு வரும் குழந்தையின் பெற்றோருக்கு வேறு மாதிரிச் சோதனை. பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தை நேராக்குகிறார்கள். அதோடு முடிவதில்லை. கம்பி இணைத்த ஷூவை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், அதன்பின் தூங்கும்போதெல்லாம் நாலைந்து வயது வரையும் போட வேண்டும். விட்டால் பாதம் மறுபடி திரும்பிக்கொள்ளும். குழந்தைக்குப் பிடிக்காத ஒன்றைத் தினமும் மாட்டிவிடுவதும், மாட்டிய கையோடு கொஞ்சுவதும் ஒரே ஆள்தான். அதையும் தாண்டிக் குழந்தை அவரிடமே ஆறுதலுக்கு வருகிறது. முதன்முதலாக ஷூவைப் பார்த்துக் கத்தி அழுது, அப்பாவின் தோளில் முகம் புதைத்தால், அது நல்ல செய்தி.

அழத் தொடங்கும்வரை பெற்றோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். வலியைக் காட்டத் தெரியாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அன்னப்பிளவு உள்ளவர்களுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சகஜம். கேட்கும் திறன் குறைந்து, பேச்சும் தாமதமாகும். அதனால் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் “வீட்ல வேற யாருக்காவது இது இருக்கா?” என்ற கேள்வி வரும். ‘தெரியாது, தத்தெடுத்தது’ என்ற பதிலைக் குழந்தை இருக்கும்போதே இயல்பாகச் சொல்லிப் பழகிவிடுவது பின்னாளுக்கும் உதவும்.

மருத்துவ அறிக்கையில் உள்ள அந்த ஒரு வரியைப் பார்த்து மிரண்டு ஒதுங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படி எழுதப்படும் குறைகள் எல்லாம் ஆயுள் முழுக்கத் தொடர்பவை இல்லை. இதயத்தின் சிறு துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆன்டிபாடி பரிசோதனை 18 மாதம் வரை பாசிட்டிவ் என்று காட்டலாம். அது தாயின் ஆன்டிபாடியாக மட்டுமே இருக்கவும் கூடும். தொடர்பவையும் குடும்பத்துக்குத் தடையில்லை. இந்தூரைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஆதித்ய திவாரி, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையைத் தத்தெடுக்க விரும்பியபோது, தனியாளாகத் தத்தெடுக்கும் வயது அவருக்கு ஆகவில்லை என்று மறுத்தார்கள். விடாமல் போராடி, 2016 ஜனவரி 1 அன்று பையனை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

2024–25இல் நாடு முழுவதும் தத்துப் போன குழந்தைகள் 4,515 பேர். அவர்களில் 4,155 பேர் உள்நாட்டிலேயே குடும்பம் கண்டார்கள். உள்நாட்டில் குடும்பம் கிடைக்காத குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தரும்போது, உடல், மனக் குறைபாடு உள்ளவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். தமிழ் பேசிக் கேட்டு வளர்ந்த குழந்தை, இங்கே யாரும் முன்வராததால் மட்டும் கடல் தாண்டிப் போவது மனசை அறுக்கிறது.

முன்வருபவர்களுக்கு நாம் செய்து தருவது போதாது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், தத்தெடுத்த தாய்க்கு 12 வார விடுப்பு தந்தது. ஆனால் குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் வயது இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பெற்றவரே சட்டப்படி ஒப்படைத்த குழந்தை என்றாலும், அவர் மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு என்னும்போது, மூன்று மாதத்துக்குள் எத்தனை குழந்தை வீடு வந்து சேரும்? இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மருத்துவக் காப்பீட்டில் ‘முன்பே இருந்த நோய்’ என்று மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்க முடியும். அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு இராது. குழந்தை வரும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா திட்டம் ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபிச் செலவும் அதில் அடங்கும். இன்னொன்று: தத்து ஆணையை இப்போது மாவட்ட ஆட்சியர் தருகிறார். அந்த ஆணை வருமுன் பெரிய ஆபரேஷன் தேவைப்பட்டால் ஒப்புதல் கையெழுத்து யாருடையது என்பதைத் தத்து மையத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரின் சோர்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அமெரிக்கச் செவிலியல் பேராசிரியர் கேரன் ஃபோலி, தத்தெடுத்த பிறகு வரும் மனச்சோர்வை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய குழந்தையாயிற்றே என்று வாய் திறக்கக் கூசி, உள்ளுக்குள் நொறுங்கும் அம்மா அப்பாக்கள் எந்த நாட்டிலும் உண்டு.

விதிப்படி, குழந்தை வீடு வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டுகள் சமூகப் பணியாளர் வந்து பார்க்க வேண்டும். அதோடு அந்த வருகை முடிந்துவிடும். அன்னப்பிளவுக் குழந்தைக்கு ஈறில் எலும்பு ஒட்டும் சிகிச்சையோ, கோரைப்பல் முளைக்கும் முன், எட்டிலிருந்து பத்து வயதுக்குள்தான் வரும். பேச்சுப் பயிற்சி பள்ளிக்கூட வயதிலும் தொடரும். அந்த நேரத்தில் குழந்தை தன் தழும்பைப் பற்றியும் கேட்கும், தன்னைப் பெற்றவளைப் பற்றியும் கேட்கும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் அமைக்கப்படும் இடையீட்டு மையங்கள் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானவை. குழந்தைகள் டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே அவற்றின் ஏற்பாடு. சிறப்புத் தேவையோடு தத்துப் போகும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும், ஆட்சியர் ஆணையில் கையெழுத்திடும் அன்றே அந்த மையத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். பெற்றோர் தேடிப் போகும்வரை காத்திராமல், மையமே அவர்களை அழைக்க வேண்டும்.