இசையரங்கில் ஒளிப்படக்கலை

நுழையும்முன்

இசை செவிக்குரியது, ஒளிப்படம் கண்ணுக்குரியது. அரங்கில் எழும் இசையை ஒலியில்லாத படத்தில் உணர்த்த முனைவோரின் பணி எத்தகையது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சென்னையில் மார்கழித் திங்கள் இசைவிழாக்களுக்குரிய காலமாகும். 1928ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மியூசிக் அகாதெமி உள்ளிட்ட பல சபாக்களில் நாள்தோறும் கச்சேரிகள் நிகழ்கின்றன. பாடகரும் பக்கவாத்தியக் கலைஞர்களும் மேடையில் அமர்ந்தே இசைக்கின்றனர். ஆயினும், அவர்களைப் படமெடுத்தல் எளிதன்று.

ஒளியும் வேகமும்

மிருதங்கக் கலைஞரின் விரல்கள் மிக விரைந்து இயங்குபவை. ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் கருவியின் மூடி திறந்திருப்பின், அவ்விரல்கள் கலங்கலாகவே பதியும். அந்நேரத்தை 250இல் ஒரு பங்காகக் குறைத்தால் விரல்கள் தெளிவு பெறும். ஆனால், கருவிக்குள் நுழையும் ஒளியோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். இவ்விழப்பை ஈடுசெய்ய இரு வழிகள் உள்ளன. ஒளித்துளையை அகலத் திறக்கலாம். அவ்வாறு செய்தால், பாடகர் தெளிவாகவும் அவருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் தம்பூராக் கலைஞர் மங்கலாகவும் பதியக்கூடும். ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறனை 800இலிருந்து 3200ஆக உயர்த்தலாம். அதனால் படத்தில் புள்ளிகள் மிகும். எதனை இழந்து எதனைப் பெறுவது என்பதை ஒளிப்படக் கலைஞர் நொடிப்பொழுதில் முடிவுசெய்ய வேண்டும்.

அரங்கின் ஒழுங்கு

பிளாஷ் ஒளி இசைப்போரின் ஒருமுகப்பாட்டைக் குலைக்கும். ஆலாபனையின் மெல்லிய இழையினூடே கருவியின் ‘கிளிக்’ ஒலியும் இடையூறாகும். மேலைநாட்டு ராக் இசையரங்குகளில் முதல் மூன்று பாடல்கள் வரை மட்டும், பிளாஷ் இன்றிப் படமெடுக்க இசைவளிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் தேவையைவிட, இசை கேட்க வந்திருக்கும் அவையின் உரிமை பெரிது என்பதே இவ்வொழுங்கின் அடிப்படை.

இசையறிவின் பயன்

தனி ஆவர்த்தனத்தின் நிறைவில் வரும் கோர்வை மும்முறை வாசிக்கப்படும். இதனை அறிந்தவர், மூன்றாம் முறை முடிந்து பாடகரின் முகத்தில் மகிழ்ச்சி மலரும் கணத்திற்காக முன்னரே ஆயத்தமாகிறார். அறியாதவரோ அக்கணம் கடந்தபின் கருவியை உயர்த்துகிறார். எனவே, இசையரங்கில் நல்ல படம் கேட்பதிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

காலத்தின் சான்று

1967ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், அமெரிக்காவின் மான்டெரே நகர இசைவிழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தம் கிதாருக்குத் தீயிட்டார். மேடையருகே நாற்காலியின்மேல் நின்றிருந்த எட் காராஃப் அக்காட்சியைப் படமெடுத்தார். அப்போது அவருக்கு அகவை 17, பள்ளி மாணவர். மூன்றாண்டுகளில் ஹென்ட்ரிக்ஸ் மறைந்தார். அந்த ஒளிப்படமோ உலகப் புகழ்பெற்று இன்றும் நிலைத்திருக்கிறது.

இசைத்தட்டு ஒரு கலைஞரின் குரலைக் காக்கும். அவர் அமர்ந்த பாங்கையும், தாளமிட்ட கையையும், உடன் இசைப்போரை நோக்கிப் பாராட்டிய பார்வையையும் காத்துப் பின்வரும் தலைமுறைக்கு வழங்குவது ஒளிப்படமே. அரங்கின் அமைதிக்கு ஊறு நேராவண்ணம் அதனை எடுத்தளிப்பவர், தாம் மேடையேறாமலேயே இசை வரலாற்றுக்குத் தொண்டு புரிந்தவராகிறார்.